செய்து பார்க்காமல் எழுத மாட்டாள்

தையல்காரி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது அவள் வாயில் நாலு குண்டூசிகள் இருந்தன. யாரோ ஒருவருடைய பேன்ட்டை இரண்டு விரற்கடை குறைத்து ஓரம் மடிக்கிற வேலை. மாமியார் போனைக் காதோடு அணைத்தபடி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசியவன் சின்ன மகன், பஸ் ஓட்டுகிறவன், தையல்காரிக்குக் கொழுந்தன்.

“யாரு? மைசெல்ஃபா? அது என்னடா பேரு, சோப்புக்கு வைக்கிற பேரு மாதிரி?”

தையல்காரி ஊசிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டப்பெயருக்குப் பஞ்சமில்லை. மாமியாரின் அண்ணன் ‘நெட்டை மாமா’. அவருடைய மச்சினர், எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்வதால் ‘பார்க்கலாம் சித்தப்பா’. அந்தச் சித்தப்பாவின் மூத்த மருமகள், பக்கத்து அறைக்குப் போவதென்றாலும் கைப்பையோடு போவதால் ‘பை’. ஆனால் இங்கிலீஷில் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

மாமியார் போனை வைத்தார். “உன் கொழுந்தன் பொண்ணு பாத்துட்டானாம். ஆஸ்பத்திரி கேன்டீன்ல தட்டு கழுவுறாளாம். அங்க எல்லாரும் அவளை மைசெல்ஃப்னுதான் கூப்பிடுவாங்களாம்.”

“ஏன் அத்தை?”

“அதை நீயே அவனைக் கேட்டுக்கோ. எனக்குக் கேக்கக் கேக்கத் தலையைச் சுத்துது.”

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கொழுந்தனைத் தையல்காரி விடவில்லை. காரணம் ரொம்பச் சின்னதுதான். அந்த ஆஸ்பத்திரியில் பல ஊர்களிலிருந்து வந்த நர்சுகள். அவர்களுக்குள் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். புதிதாக ஒரு நர்ஸ் சாப்பிட வந்தால், இந்தப் பெண் ஈரக்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு எதிரே போய் நிற்பாளாம். “மைசெல்ஃப் கேன்டீன். யூ?” என்பாளாம். நர்சுகள் சிரிப்பார்களாம். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, “சிரிச்சது போதும், இப்ப சரியா எப்படிச் சொல்றதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போங்க” என்று வழியை மறித்துக்கொள்வாளாம்.

“வெக்கமே கிடையாதா?” என்றாள் தையல்காரி.

“கிடையாது அண்ணி. அதான் எனக்குப் பிடிச்சுது” என்றான் கொழுந்தன்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு முடிந்தது. சின்னவள் ஒரு பெட்டியும் ஒரு காலண்டர் கட்டுமாக வந்து சேர்ந்தாள். மூன்றாம் மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. தையல்காரியின் புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் உள்ளறையில் தையல் மெஷினும் மாமியாரும் தையல்காரியும். கூடத்தில் பாதியைத் திரை போட்டுத் தடுத்துப் புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் கொடுத்தார்கள். திரையைத் தைத்தவள் தையல்காரிதான். இருப்பதிலேயே கெட்டியான துணியாகப் பார்த்துத் தைத்தாள். ஆனாலும் திரை திரைதானே. அந்தப் பக்கம் கொழுந்தன் ஒரு தும்மல் போட்டால், இந்தப் பக்கத்திலிருந்து மாமியார், “மாத்திரை வேணுமாடா?” என்பார்.

ஓரகத்திகள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சரியாகச் சொன்னால் சின்னவள்தான் மூன்று மாதம் பெரியவள். வந்த அன்றைக்கே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“வயசுல நான் மூத்தவ, முறையில நீங்க மூத்தவங்க. அந்த மூணு மாசத்தை நான் விட்டுக்குடுத்துடறேன். அக்கான்னே கூப்பிடறேன்.”

“ரொம்பப் பெரிய மனசு” என்றாள் தையல்காரி.

காலண்டர் கட்டு எதற்கு என்பது இரண்டு நாளில் தெரிந்தது. நாள் கிழிக்கிற காலண்டரில் கிழித்துச் சேர்த்தது. தாள்களின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. தமிழ் எழுத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள். வெட்டித் தைக்கிறவளுக்கு இன்னொருத்தியின் வேலைமுறையைப் பார்த்தால் கண் தானாகப் போகும். தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, ஒரே வார்த்தையையே பத்துத் தடவை எழுதி வெச்சிருக்க?”

“ஒரே வார்த்தை இல்லக்கா. வால் வேற வேற.”

“வாலா?”

சின்னவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “இப்ப நாம படின்னு சொல்றோம். படிச்சுக்கோ, படிச்சுடு, படிச்சுப் பாரு, படிச்சு வை, படிச்சுத் தொலை. எல்லாம் படிதான். ஆனா வால் மாறினா பேச்சே மாறிடுது இல்ல? படிச்சுத் தொலைன்னு அத்தை சொன்னா அது ஒரு தினுசு, படிச்சுக்கோன்னு நீங்க சொன்னா அது வேற தினுசு. அவங்களுக்கும் அதே மாதிரி வால் இருக்குக்கா. அப், டவுன், ஆஃப், அவுட்டுன்னு. வாஷ்னா கழுவு. வாஷ் அப்னா பாத்திரம் கழுவு. வாஷ் யுவர்செல்ஃப்னா உன் உடம்பைக் கழுவிக்கோ. எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனேன், இந்த வாலை ஒருத்தர்கூடக் காட்டலை. தலையை மட்டும் மனப்பாடம் பண்ண வெச்சு அனுப்பிட்டாங்க.”

தையல்காரி தான் வாழ்நாளெல்லாம் பேசிய தமிழுக்கு வால் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். அடுத்த ஒரு வாரம் யார் என்ன பேசினாலும் அவளுக்கு வாலே காதில் விழுந்தது. மாமியார், “விளக்கை அணைச்சுத் தொலைங்க” என்றபோது இரண்டு மருமகள்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆனால் சின்னவளுக்கு ஒரு விதி இருந்தது. தான் செய்து பார்க்காத எதையும் தாளில் எழுத மாட்டாள். நர்ஸ் சொன்னால் போதாது, யாரோ செய்வதைப் பார்த்தாலும் போதாது. தன் கையால், தன் உடம்பால் நடந்திருக்க வேண்டும். நடந்த தேதித் தாளிலேயே அது ஏறும். செய்யாததைச் சொன்னால் நாக்கில் ஒட்டாது என்பாள்.

அதனால் வீட்டில் விசித்திரமெல்லாம் நடந்தது. ஒருநாள் கத்தி விரலில் பட்டு ரத்தம் கொட்டியது. தையல்காரி பழந்துணியைத் தேடி ஓடுகிறாள், இவள் மற்றக் கையால் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறாள். “கட் மைசெல்ஃப் கிடைச்சிருச்சுக்கா! ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்!” இன்னொருநாள் கண்ணாடி முன்னால் நின்று தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்ததை மாமியார் பார்த்துவிட்டு, உள்ளறைக்கு வந்து கிசுகிசுத்தார். “ஏண்டி, அவளுக்கு ஏதாவது இருக்குமோ?”

“ஒண்ணுமில்ல அத்தை. தனக்குத் தானே பேசிக்கறதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்காம். அதைச் செஞ்சு பாக்கறா.”

“செஞ்சு பாக்கணுமா? நான் முப்பது வருஷமா அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன், இந்த வீட்ல யாரு காதுல விழுது?”

ஒரே ஒரு வார்த்தை மட்டும் சின்னவளுக்கு வழிவிடவில்லை. எஞ்சாய் யுவர்செல்ஃப். நர்சுகள் லீவில் போகும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாம்.

“சந்தோஷமா இருன்னு அர்த்தமாம். ஆனா செல்ஃபுன்னு வால் இருக்கே. தன்னைத் தானே என்னக்கா பண்ணிக்கணும் அதுக்கு? குளிக்கறதுன்னா தண்ணி ஊத்திக்கலாம். இதுக்கு எதை ஊத்திக்கறது?”

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “தெரியலடி” என்று ஒப்புக்கொண்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் ஆஸ்பத்திரி கேன்டீனை அந்த மாதக் கடைசியோடு மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் கேன்டீன் சமையல்காரம்மா ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஊரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள். தங்குகிறவர்களோடு இங்கிலீஷில் பேசத் தெரிந்திருந்தால் போதும், படிப்பு கேட்கவில்லை. நிரந்தர வேலை. முக்கியமானது, ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் குடும்பத்தோடு தங்க அறை உண்டு. நாலு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கொழுந்தன் திரையை ஒருமுறை பார்த்தான், சின்னவள் ஒருமுறை பார்த்தாள். அந்தத் திரையைத் தைத்தவளுக்கு அந்தப் பார்வை புரியாதா? அந்த அறை அவர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று தையல்காரி மனசுக்குள் முடிவு கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட். இரண்டையும் தையல்காரியே அளவெடுத்துத் தைத்தாள். மாமியார் முந்தின நாளே நெட்டை மாமா வீட்டுக்குப் போயிருந்தார். கொழுந்தனுக்கு முதல் ஷிப்ட், விடியுமுன்பே போய்விட்டான். எட்டரை மணிக்குத் தையல்காரி கூடத்து மேஜையில் வெள்ளைச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் நைட்டியோடு, ஈரத்தலையில் துண்டோடு, தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு சங்கடம்.”

“என்ன?”

“ஹோட்டல்ல தங்கறவங்க சாவியை உள்ள வெச்சுட்டு வெளிய வந்து நின்னுக்குவாங்களாம். கதவு தானாப் பூட்டிக்குமாம். அப்ப என்ன பண்ணுவேன்னு கண்டிப்பாக் கேப்பாங்களாம், சமையல்காரம்மா சொன்னாங்க. லாக் யுவர்செல்ஃப் அவுட்னு பேராம். அது என்கிட்ட இல்லை.”

“இல்லாட்டி என்ன? அதான் இப்பச் சொன்னியே, அதையே அங்கயும் சொல்லு.”

“செய்யலையேக்கா. அங்க போய் அந்த இடத்துல நாக்கு நின்னுட்டா?”

அந்த வீட்டு வாசல் கதவும் அதே ரகம்தான். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. சின்னவள் அதைப் பார்த்தாள். அப்புறம் தையல்காரியைப் பார்த்தாள்.

“ஒரே நிமிஷம். நான் வெளிய போய்ச் சாத்திக்கறேன். பத்து எண்ணிட்டுக் கதவைத் தட்டறேன். நீங்க திறந்துடுங்க. அவ்வளவுதான்.”

“இன்னிக்கா இந்தக் கூத்து? சீக்கிரம் போய்ட்டு வா.”

சின்னவள் வெளியே போய்க் கதவை இழுத்துக்கொண்டாள். டக்கென்று சத்தம். தையல்காரி காலரைத் திருப்பிப் போட்டாள். வெளியே எண்ணுவது கேட்டது. ஐந்து வரைக்கும் கேட்டது. அப்புறம் சத்தமில்லை. பிறகு பொங்கி வருகிற சிரிப்பு ஒன்று. ஒரு பெண்பிள்ளை பூட்டிய கதவுக்கு முன்னால் தனியாக நின்று இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது? தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்து, தலையை நீட்டினாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. இரண்டு அடி வெளியே வைத்தாள்.

“என்னடி சிரிப்பு?”

“இல்லக்கா, சும்மா நிக்கும்போது தோணுச்சு. பூட்டுக்கு நான் யாருன்னே தெரியாது பாருங்க. நான்தான் தினமும் துடைக்கிறேன், ஆனா அதுக்கு…”

மாடிப்படி ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்தது. டக்.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். தையல்காரியின் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கையில் ஒன்றுமில்லை.

“சாவி?” என்றாள் சின்னவள்.

“உள்ள.”

“போன்?”

“உள்ள.”

“இஸ்திரிப் பெட்டி?”

தையல்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாளா? சட்டைமேலேயே வைத்தாளா? கை செய்தது நினைவுக்கு வரவில்லை. இருபது வருஷமாகச் செய்கிற வேலை, கை செய்தது நினைவுக்கு வரவில்லை. அவள் கதவை இரண்டு கையாலும் தள்ள ஆரம்பித்தாள். தோளால் மோதினாள். “ஐயோ, படுத்துக்கிச்சுடி… சட்டைமேலயே படுக்க வெச்சுட்டேன்டி…” என்று சொல்லிக்கொண்டே மோதினாள்.

திரும்பிப் பார்த்தபோது சின்னவள் அங்கே இல்லை. வெறுங்காலோடு படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் மின்சார மீட்டர் பெட்டி. பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு மீட்டர். எண்களின்மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். எது எந்த வீடு என்று அந்த மின்சாரத்துக்கே தெரியாது. சின்னவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய கைப்பிடியைப் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுக் கீழே இழுத்தாள்.

கட்டிடம் முழுக்கச் சட்டென்று அடங்கியது. ஃபேன் நின்றது, ரேடியோ நின்றது. அப்புறம் மனுஷக் குரல்கள் எழும்பின. முதல் மாடி மருந்துக்கடைக்காரர் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் கரண்ட்டில் ஓடுகிற ரேசர். வலது பக்கம் முகம் வழவழவென்று இருந்தது, இடது பக்கம் மூன்று நாள் தாடி.

“யாரும்மா கரண்ட்டைப் பிடுங்கினது? பாதி மூஞ்சியோட நான் கடை திறக்கவா?”

“மன்னிச்சுக்குங்கண்ணே. மேல இஸ்திரிப் பெட்டி எரியுது, நாங்க வெளிய மாட்டிக்கிட்டோம். சாவி வர்ற வரைக்கும் போட மாட்டேன்.”

“எனக்கு அஞ்சு நிமிஷம் குடு, இந்தப் பக்கத்தை முடிச்சுக்கறேன்.”

“அஞ்சு நிமிஷத்துல வீடு முடிஞ்சுடும்ணே.”

அவர் கைப்பிடியைப் பார்த்தார். சின்னவள் அதன்மேல் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றுகொண்டாள். இறங்கி வந்த தையல்காரியிடம் அங்கிருந்தே சொன்னாள். “அக்கா, ஒம்போது பத்துக்கு அவரு வண்டி முக்குல திரும்பும். சாவி ஒண்ணு அவருகிட்ட இருக்கு. நான் இதை விட்டு நகர்ந்தேன்னா இவங்க யாராவது போட்டுடுவாங்க. நீங்க ஓடுங்க.”

தையல்காரி ஓடினாள். வீட்டு உடுப்போடு, கழுத்தில் டேப்போடு, தெரு பார்க்க ஓடினாள். முக்கில் அலுவலகம் போகிறவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒன்பது பத்து ஆயிற்று, ஒன்பது பதினெட்டும் ஆயிற்று. பஸ் வந்தபோது அவள் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு சாலையிலேயே இறங்கிவிட்டாள். பிரேக் அலறியது. ஜன்னலில் கொழுந்தனின் தலை.

“அண்ணி! என்ன ஆச்சு? யாருக்கு என்ன?”

“வீட்டுச் சாவி குடு!”

“உங்க சாவி?”

“உள்ள இருக்கு!”

“அவ?”

“கரண்ட்டுப் பெட்டிக்கிட்ட நிக்கிறா! கேள்வி கேக்காம குடுடா!”

அதுவரைக்கும் அவனை அவள் ‘டா’ போட்டதில்லை. பஸ்ஸில் பாதிப்பேர் எழுந்து பார்த்தார்கள். அவன் சாவியைத் தூக்கிப் போட்டான். பின்னால் ஒரு பெரியவர், “குடும்பத்தைக் கவனிச்சுட்டே வாப்பா, நாங்க நாளைக்கு ஆபீஸ் போய்க்கறோம்” என்றார்.

கதவைத் திறந்தபோது கூடம் முழுக்கக் கருகிய வாடை. பெட்டி சட்டையின்மேல்தான் படுத்திருந்தது. முதுகுப் பக்கத்தில் முக்கோணமாக ஓர் ஓட்டை, அதற்குக் கீழே மேஜை விரிப்பு, அதற்கும் கீழே மரமே பழுப்பாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கரண்ட் இருந்திருந்தால் பக்கத்தில் தொங்கிய திரை பிடித்துக்கொண்டிருக்கும்.

மணி ஒன்பதரை. தையல்காரி சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தன் கையால் தைத்தது, தன் கையால் கருக்கியது. அலமாரியில் மற்றவர்களுடைய வெள்ளைச் சட்டைகள் ஆறு, மடித்து வைத்திருந்தன. அவற்றை அவள் தொடவில்லை. கப்பலுக்குப் போன தன் புருஷன் விட்டுப்போன வெள்ளைச் சட்டையை எடுத்துச் சின்னவளுக்குப் போட்டுவிட்டு, முதுகில் இரண்டு மடிப்பு பிடித்து, எட்டு குண்டூசியால் நிறுத்தினாள்.

“எங்கயும் சாயாதே. குனியாதே. மூச்சையும் பாத்து விடு.”

“நீங்களும் வாங்கக்கா. ஊசி கழண்டா?”

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. பதினொரு மணிவரை காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு சின்னவளை உள்ளே கூப்பிட்டார்கள். தையல்காரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு மேனேஜரம்மா. இந்தப் பக்கம் சின்னவள், கம்பி விழுங்கியவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜரம்மா கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். ஏன் தாமதம் என்றுதான் இருக்கும்.

“ஐ லாக்ட் மைசெல்ஃப் அவுட், மேடம்” என்றாள் சின்னவள். நாக்கு எங்கேயும் நிற்கவில்லை.

தையல்காரிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்து இந்த வாலைத் தெரியாமல் இருக்குமா? என்னை நானே வெளியில் வைத்துப் பூட்டிக்கொண்டேன் என்கிறாள். அக்கா என்ற பேச்சே இல்லை. வெளியே வந்த கால் யாருடையது, விட்ட கதவு யாருடையது, படுக்க வைத்த பெட்டி யாருடையது, ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மேனேஜரம்மா பேனாவை மூடினாள். பின்னால் மாட்டியிருந்த சாவிப் பலகையைக் காட்டித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சொந்த வீட்டுச் சாவியையே மறக்கிறவளிடம் இத்தனை சாவியை எப்படித் தருவது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள மொழி வேண்டியதில்லை.

தையல்காரி எழுந்தது அவளுக்கே தெரியாது. உள்ளே போய் நின்றுவிட்டாள்.

“நோ மேடம். மைசெல்ஃப் நோ. மீ! மை டோர். மை அயர்ன். மை…” அதற்குமேல் இங்கிலீஷ் இல்லை. “நான்தாம்மா வெளிய வந்தேன். இவ பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தா. வேடிக்கை பாக்க வந்து கதவை விட்டவ நான். வீடு எரியாம இருக்குன்னா அது இவளாலதான்.”

மேனேஜரம்மா சின்னவளைப் பார்த்தாள், இவர் என்ன சொல்கிறார் என்பதுபோல.

சின்னவள் மொழிபெயர்த்தாள். “ஷி இஸ் சேயிங்… ஷி லைக்ஸ் மீ, மேடம்.”

‘லைக்’ தையல்காரிக்குத் தெரிந்த வார்த்தை. “அடிப்பாவி! அதையா சொன்னேன்? மேடம், திஸ் கேர்ள் பொய்! பெரிய பொய்!”

மேனேஜரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைக் காட்டினாள். தையல்காரி உட்காரவில்லை. வார்த்தை இல்லாத இடத்தில் கை இருக்கிறதே. கதவைச் சாத்திக் காட்டினாள், காற்றை ஊதிக் காட்டினாள், இஸ்திரி போட்டுக் காட்டினாள், சின்னவள் கைப்பிடியை இழுத்துத் தொங்கியதைத் தொங்கிக் காட்டினாள். அரை முகத்தை மழித்துக்கொண்ட மனுஷனையும் விடவில்லை. கழுத்தில் டேப் ஆடிக்கொண்டே இருந்தது.

மேனேஜரம்மா ஓரிடத்தில் நிறுத்தினாள். சின்னவளிடம் மெதுவாகக் கேட்டாள். முதலில் எதைச் செய்தாய், சாவியைத் தேடினாயா, கரண்ட்டை நிறுத்தினாயா?

“ஃபர்ஸ்ட், டர்ன் ஆஃப். ஆஃப்டர் தட், கீ” என்றாள் சின்னவள்.

அதை அந்தம்மாள் குறித்துக்கொண்டாள். பிறகு தையல்காரியைக் காட்டி, இவர் உனக்கு யார் என்று கேட்டாள். சின்னவள் திணறினாள். அம்மா, அக்கா, தங்கை எல்லாம் உண்டு அந்த மொழியில். ஓரகத்திக்கு என்ன சொல்வது? “மை ஹஸ்பண்ட், ஹிஸ் பிரதர், ஹிஸ் வைஃப்” என்று விரல்விட்டு எண்ணி எண்ணி வந்து சேர்ந்தாள்.

முடிவு பாதியாகத்தான் வந்தது. மாடி அறைகளைப் பார்க்கிற வேலையைப் பத்தேகால் மணிக்கே வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள், நேரம் நேரம்தான். கீழ்த்தளத்தில் துணி துவைக்கிற இடத்தில், இஸ்திரிப் பகுதியில் ஓர் ஆள் தேவை. அதுவும் நிரந்தரம்தான். தங்கும் அறையும் உண்டு. ஆனால் அங்கே தங்க வருகிறவர்கள் யாரும் வர மாட்டார்கள். மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது.

சின்னவள் அதைத் தமிழில் சொன்னாள். அவள் முகம் வாடிவிட்டது. ஒரு வருஷமாகச் சேர்த்ததெல்லாம் பேசுவதற்குத்தானே.

“கதவு இருக்கா அந்த அறைக்கு?” என்றாள் தையல்காரி.

“இருக்காம்.”

“அப்ப ஏண்டி பாத்துக்கிட்டே இருக்க? தலையை ஆட்டு.”

சின்னவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய வேகத்தில் ஓர் ஊசி குத்திவிட்டது. “ஆ” என்று கத்தினாள். மேனேஜரம்மா பயந்துபோய் எழுந்துவிட்டாள்.

மறுநாள் திரும்பி வந்த மாமியார், மேஜையில் இருந்த முக்கோணத் தழும்பை ரொம்ப நேரம் பார்த்தார். “ரெண்டு நாள் வீட்டை விட்டுட்டுப் போனா ரெண்டு மருமகளும் சேர்ந்து வெளிய நின்னு பூட்டிக்கிட்டீங்களாக்கும். நான் செத்தா என்னையும் மாடியில வெச்சுப் பூட்டிட்டு முக்குல போய் நிப்பீங்க.” கொழுந்தன் சிரித்ததற்கு அவனுக்கும் கிடைத்தது. பஸ்ஸைப் பதினோரு நிமிஷம் தாமதமாகக் கொண்டுபோனதற்கு டிப்போவில் அவன் எழுதிக் கொடுத்த விளக்கம், “குடும்ப உறுப்பினர் சாலையில் நின்றார்” என்பது. அதை அங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒரு மாதம்வரை, தையல்காரியைப் பார்க்கும்போதெல்லாம் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார்.

அந்த மாதக் கடைசியில் சின்னவளும் கொழுந்தனும் புது அறைக்குப் போனார்கள். தையல்காரி கூடத்துத் திரையைக் கழற்றித் துவைத்தாள். திரும்ப மாட்டவில்லை. கூடம் பெரிதாகத் தெரிந்தது, வேண்டாத அளவுக்குப் பெரிதாக. மாமியார் இரண்டு நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சும்மா சும்மா, “மாத்திரை வேணுமா?” என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

இஸ்திரிப் பகுதியில் சின்னவள் ஒரு வருஷமும் ஏழு மாதமும் இருந்தாள். சேர்ந்த புதிதில் தையல்காரியிடம் அழுதிருக்கிறாள். அப்புறம் எப்படியோ பழகிக்கொண்டாள். மெஷின் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்க அவளும் கூட இருந்த ஆறு பெண்களும் கற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் மேனேஜரம்மா கீழே இறங்கி வந்தால், மற்றவர்கள் ஒதுங்குவார்கள், இவள் எதிரே போய் நிற்பாள். அந்தம்மாள்தான் அவளைக் கடைசியில் மேலே கூப்பிட்டுக்கொண்டாள்.

தையல்காரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வருகிறாள். ஒருமுறை அந்தக் காலண்டர் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்ட செவ்வாய்க்கிழமையின் தாளில் வார்த்தை இருந்தது. பக்கத்தில், வழக்கத்துக்கு மாறாக, அடைப்புக்குள் ‘அக்காவும்’ என்று எழுதியிருந்தது.

“இதை எதுக்குடி எழுதின? அங்க மட்டும் எல்லாத்தையும் நீயே போட்டுக்கிட்ட.”

“அங்க சொன்னது வேலைக்குக்கா. இங்க நடந்ததைத்தானே எழுதணும்?”

தையல்காரி தாளை மறுபடி கட்டுக்குள் செருகினாள்.

சின்னவள் இப்போது அந்த ஹோட்டலின் நான்காம் மாடியில் பதினெட்டு அறைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஹோட்டலுக்குப் பின்னால், வேலைக்காரர்கள் கட்டிடத்தில், இரண்டாம் மாடியின் கடைசி அறையில் கொழுந்தனோடு குடியிருக்கிறாள்.